மோனிஷாவுக்கு அம்மை போட்டிருக்கிறது

"மோனிஷாம்மா இருக்காங்களா?"

காலேப் கதவைப் பாதிதான் திறந்திருந்தான். வாசலில் ஐம்பது வயது தாண்டிய ஓர் அம்மாள் நின்றிருந்தாள். கைக்குழந்தையைத் தூக்கி வைத்திருப்பதுபோல் இடுப்பில் ஒரு பார்சலை இடுக்கியிருந்தாள்.

"எந்த மோனிஷா?"

"இன்னா நைனா இப்படிக் கேக்கறே? பேய்க்கதை எழுதறாங்களே, அந்த மோனிஷாம்மா. மெட்ராஸ்லேர்ந்து வந்த பார்சலு இது. திருத்தணியில எறக்க வேண்டியதை பஸ்காரன் கனகம்மாசத்திரத்துல என் டீக்கடை வாசல்ல எறக்கிட்டுப் பூட்டான். மேல பேரையும் விலாசத்தையும் பார்த்தேன். கையும் ஓடல, காலும் ஓடல. கடையை மருமக கையில குடுத்துட்டு அடுத்த பஸ்ஸைப் புடிச்சு வந்துட்டேன். எம்பேரு ஜெயம்மாள். பத்து வருசமா அவங்க எழுதறதை ஒண்ணு விடாம படிக்கறேன்."

சொல்ல வேண்டியது மூன்றே வாக்கியம். மோனிஷா என்பது என் மனைவி யூனிஸ் வைத்துக்கொண்ட புனைபெயர். யூனிஸ் இறந்துவிட்டாள். இருபத்திரண்டு மாதம் ஆகிறது.

"குளிக்கறாங்க" என்றான் காலேப்.

"குளிக்கட்டும், குளிக்கட்டும். நான் இருக்கேன்" என்று ஜெயம்மாள் உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

காலேப்புக்கு முப்பத்து மூன்று வயது. தாலுகா ஆபீசில் உதவியாளர். அதிகம் பேச மாட்டான். பொய் சொல்லிப் பழக்கம் இல்லை. ஒரே ஒரு பொய்யைத்தான் இருபத்திரண்டு மாதமாக வளர்த்து வந்தான். அது இதுவரை சாதுவாகவே இருந்தது.

யூனிஸ் கல்லூரியில் படிக்கும்போதே எழுத ஆரம்பித்தவள். இடிந்த பங்களா, பூட்டிய அறை, மாடி ஜன்னலில் தானாக ஏறி இறங்கும் விளக்கு, நகரி மலை அடிவாரத்தில் நள்ளிரவில் நிற்கும் பெட்டி வண்டி. மாதம் ஒரு நாவல். திகில் நாவல் விற்பனையில் அவளுக்கு மேலே ஆள் கிடையாது. அரக்கோணம் வண்டியில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு அவளைப் படித்தார்கள். இறங்க வேண்டிய ஸ்டேஷனை விட்டுவிட்டு மணவூர் வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு. ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமைகளில் சபையின் சண்டே ஸ்கூல் டீச்சர். ஆகவே புனைபெயர். விஷயம் தெரிந்தவர்கள் இரண்டே பேர். காலேப், அப்புறம் சென்னையில் அவளது பதிப்பாளர் பங்காரு.

சென்னை ஆஸ்பத்திரிக்கு மாதக்கணக்கில் போய் வந்தும் யூனிஸைக் காப்பாற்ற முடியவில்லை. அடக்கம் முடிந்து பதினோராம் நாள் பங்காரு போன் செய்தார்.

"சார்... அம்மா..." என்று இழுத்தார்.

"நல்லா இருக்காங்க" என்று காலேப் முந்திக்கொண்டான். "அடுத்த மாச நாவல் எழுதிகினு இருக்காங்க. அனுப்பிடறேன்."

பங்காரு போனைக் கை மாற்றிப் பிடிக்கும் சத்தம் கேட்டது. பிறகு, "சரிங்க சார்" என்றார் பங்காரு.

செத்துப்போன எழுத்தாளரின் பெயர் இரண்டு மறுபதிப்பு வரை கடையில் தொங்கும். பிறகு க்ளிப்பிலிருந்து கழற்றிவிடுவார்கள். காலேப்பால் அதைத் தாங்கிக்கொள்ள முடியாது. மாதாமாதம் முதல் வாரம் ஸ்டேஷன் கடையில் அவள் பெயர் புதிதாகத் தொங்க வேண்டும். அவன் கேட்டது அவ்வளவுதான். அதனால் அவனே எழுத ஆரம்பித்தான். காலை ஐந்து முதல் ஆறரை வரை. இருபத்திரண்டு மாதத்தில் இருபத்திரண்டு நாவல்.

அவனுக்குத் தெரிந்த ஒரே நடை ஆபீஸ் நடை.

'மேற்படி பங்களாவுக்குக் கிழக்கே கிணறு, மேற்கே வண்டிப்பாதை, தெற்கே சின்னப்பன் வகையறா நிலம், வடக்கே மலைப் புறம்போக்கு. மேற்படி நான்கெல்லைக்கு உட்பட்ட இடத்தில் இரவு சுமார் 12.00 மணியளவில் பெண் உருவம் ஒன்று தென்பட்டது. அவ்வுருவத்துக்குக் கால்கள் இல்லை என்பது நேரடி ஆய்வில் தெரியவருகிறது.'

முதல் நாவலைப் பயந்துகொண்டேதான் மெயிலில் அனுப்பினான். பங்காரு போன் செய்து, "பிரமாதம்னு அம்மாகிட்ட சொல்லுங்க சார்" என்றார். விற்பனை குறையவில்லை. ஏறியது. வாசகர் கடிதங்கள் வந்தன. பங்காரு தலைப்பை மாற்றுவார், அட்டையை மாற்றுவார். அது எப்போதும் நடப்பதுதான். உள்ளேயும் கொஞ்சம் கை வைப்பார் போலிருக்கிறது என்று காலேப் நினைத்துக்கொண்டான். மாதாமாதம் பார்சலில் வரும் அச்சுப் பிரதிகளை அவன் பிரித்துப் பார்த்ததில்லை. அவள் பெயருக்குக் கீழே தன் வரிகளைப் பார்க்கத் தைரியம் இல்லை. இருந்தாலும் மனசுக்குள் ஒரு நிறைவு இருந்தது. பரவாயில்லை, நமக்கும் வருகிறது.

"இந்த ரெண்டு வருசமா எழுதறாங்களே நைனா," என்று ஜெயம்மாள் ஆரம்பித்தாள், "அதுதான் உச்சம்."

காலேப் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அப்படியா?"

"முன்னல்லாம் பயமா மட்டும் இருக்கும். இப்ப பயமும் வருது, அழுகையும் வருது. போன மாசக் கதையில செத்துப்போன பொண்டாட்டி வந்து புருசன் சட்டைக்கு பட்டன் தைப்பா பாரு. அவன் தூங்கிகினு இருப்பான். நூலைப் பல்லால கடிக்கறப்ப அவன் கழுத்துல ஜில்லுனு மூச்சு படும். எனக்கு டீயே பொங்கிப் பூட்ச்சு."

பட்டன் எதுவும் எழுதிய ஞாபகம் காலேப்புக்கு இல்லை. போன மாத நாவலில் அவன் எழுதியது, ஓர் ஆவி கூட்டுப்பட்டாவில் பங்கு கேட்கும் கதை. பங்காரு கொஞ்சம் தாராளமாகவே கை வைக்கிறார்.

"ரொம்ப நன்றிம்மா" என்றான்.

"உனக்கு எதுக்கு நன்றி? எழுதனது அவங்க. இன்னா இவ்ளோ நேரமா குளிக்கறாங்க? தண்ணி சத்தமே கேக்கலியே. உள்ள எங்கனா வழுக்கி விழுந்துட்டாங்களா? தட்டிப் பாரு. இரு, நானே தட்டறேன்."

அவள் எழுந்துவிட்டாள். காலேப் குறுக்கே போய் நின்றான்.

"வேணாம்மா. அவங்களுக்கு அம்மை போட்டிருக்கு."

அம்மை என்றால் ஓடிவிடுவாள் என்று நினைத்தான். ஜெயம்மாள் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டாள். பிறகு கண்ணை உருட்டினாள்.

"அம்மையோட குளிக்கறாங்களா? அடப்பாவி! ஆத்தா எறங்கி மொதத் தண்ணி ஊத்தற வரைக்கும் தலையில சொட்டுத் தண்ணி படக்கூடாதே. சொல்றதுக்கு வீட்ல ஒரு பொம்பளை இல்லியா?"

"குளிக்கல. சும்மா துடைச்சுக்கறாங்க."

"எத்தினி நாளாச்சு?"

"ரெண்டு."

"நீ நவுரு. நான் பாத்துக்கறேன்."

அரை மணி நேரத்தில் எல்லாம் நடந்து முடிந்தது. வெளியே போன ஜெயம்மாள் ஒரு கட்டு வேப்பிலை, நான்கு இளநீர், ஒரு சொம்பு கூழுடன் திரும்பி வந்தாள். வேப்பிலையைக் கொத்தாகக் கட்டி நிலைப்படியில் தொங்கவிட்டாள். அதற்கு மேலேதான் 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்ற பலகை மாட்டியிருந்தது.

"அம்மா, இது கிறிஸ்தவங்க வீடு."

"ஆத்தாளுக்கு அதெல்லாம் இல்ல நைனா. எல்லார் வூட்டுக்கும் வருவா. உன் போன் நம்பரைக் குடு."

கொடுத்தான். போனால் போதும் என்று இருந்தது. அவள் தெருமுனையைத் தாண்டியதும் வேப்பிலையை அவிழ்த்துவிடலாம் என்று ஸ்டூலைப் போட்டு ஏறினான். ஏறி நின்றபோது எதிரே அவனுடைய அக்கா டெபோரா வந்துகொண்டிருந்தாள்.

டெபோரா மூன்று வீடு தள்ளிக் குடியிருப்பவள். சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். தம்பிக்கு மறுமணம் செய்து வைக்காமல் கண்ணை மூடுவதில்லை என்று ஜெபக்கூட்டத்தில் எழுந்து நின்று பொருத்தனை செய்தவள்.

"டேய் காலேப்பு, யார்றா அந்த மோனிஷா?"

காலேப் ஸ்டூலிலிருந்து இறங்கவில்லை. "எந்த மோனிஷா?"

"அம்மை போட்டு உள்ள படுத்துகினு இருக்கற மோனிஷா. தெருமுனையில ஒரு அம்மா என்னை நிறுத்தி வெச்சு சொல்லிட்டுப் போவுது. 'அந்தப் புள்ள பொண்டாட்டியைத் தங்கமாட்டம் பாத்துக்கறான், அனுபவம்தான் பத்தாது'ன்னு. பொண்டாட்டியாமே!"

டெபோரா அழ ஆரம்பித்தாள். அது சந்தோஷ அழுகை என்று காலேப்புக்குத் தெரியக் கொஞ்ச நேரம் ஆனது.

"மணவூர் நர்ஸைக் காட்டினேன், வேணாம்னே. அரக்கோணம் டீச்சரைக் காட்டினேன், வேணாம்னே. யூனிஸை மறக்கவே மாட்டான் போலன்னு நான் உபவாசம் இருந்து ஜெபிக்கறேன். நீ பின்பக்கமா கர்த்தர் கிருபையை வாங்கி உள்ள வெச்சுப் பூட்டிகினு இருக்கே."

"அக்கா, அப்படி இல்ல..."

"இந்துப் பொண்ணா?"

காலேப் ஸ்டூலிலிருந்து இறங்கினான்.

"பரவால்ல. ஞானஸ்நானம் குடுத்துக்கலாம். ஆளைக் காட்டு."

அவள் உள்ளறையை நோக்கி நடந்தாள். உள்ளறையில் யாரும் இல்லை. இப்போது உண்மையைச் சொன்னால் மோனிஷா யார் என்று சொல்ல வேண்டும். அக்காவிடம் சொன்னால் சங்கத்துக்குத் தெரியும். சங்கத்துக்குத் தெரிந்தால் திருத்தணிக்குத் தெரியும். அடுத்த ரயிலில் சென்னைக்குத் தெரியும். க்ளிப்பிலிருந்து பெயர் இறங்கிவிடும்.

"உள்ள போகாதக்கா. தொத்திக்கும்."

டெபோரா சட்டென்று நின்றாள். அவள் மகனுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே குரல் கொடுத்தாள்.

"மோனிஷா! நான் அவன் அக்காம்மா. ஒண்ணும் பயப்படாதே. நாங்க இருக்கோம்."

உள்ளே பதில் இல்லை.

"கூச்சப்படுது. நல்ல பொண்ணு" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

சாயந்திரமே சபையின் ஆயர் போன் செய்தார். நல்ல மனிதர். யாரையும் கடிந்து பேசத் தெரியாது.

"தம்பி, அக்கா சொன்னாங்க. சந்தோஷம். ஆனா கல்யாணம் ஆகாம ஒரே வீட்ல இருக்கறது நம்ம சாட்சிக்கு நல்லதில்ல பாருங்க. அம்மை எறங்கினதும் வேகமா முடிச்சுடுவோம். மூணு ஞாயிறு சபையில கல்யாண அறிவிப்பு ஓலை வாசிக்கணும். பொண்ணோட முழுப் பேரு, தகப்பனார் பேரு, ஊர் பேரு மட்டும் அனுப்புங்க. இந்த ஞாயிறே ஆரம்பிச்சுடலாம்."

காலேப் தினமும் பத்து மனுக்களைத் தகப்பனார் பெயர் இல்லை என்று திருப்பி அனுப்புகிறவன். இப்போது அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று உட்கார்ந்து யோசித்தான்.

"விசாரிச்சு சொல்றேன் ஐயா."

"விசாரிச்சா?"

"அவங்ககிட்ட."

மறுநாள் ஆபீசில் வெங்கடேசன் சார் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பேரு மோனிஷாவாமே. நல்ல பேரு. பிரியாணி உண்டுல்ல?" என்றார்.

வியாழக்கிழமை ஜெயம்மாள் போன் செய்தாள்.

"நைனா, கணக்குப் பண்ணிப் பாத்தேன். சனிக்கிழமை மொதத் தண்ணி. நானே வந்து ஊத்தறேன். கூட மோனிஷாம்மா கதை படிக்கறவங்க எட்டு பேரு வராங்க. எல்லாம் பொம்பளைங்கதான், நீ ஒண்ணும் ஆக்க வேணாம். சாப்பாடு நாங்களே எடுத்துகினு வரோம்."

"அவங்களுக்கு உடம்பு..."

"அதான் தண்ணி ஊத்தினா சரியாப்பூடுமே."

வைத்துவிட்டாள்.

காலேப்புக்கு ஒரே ஒரு வழிதான் தெரிந்தது. யாராவது ஒரு மணி நேரம் மோனிஷாவாக உட்கார்ந்து எழுந்து போனால் ஜெயம்மாள் திருப்தியாகிவிடுவாள். அப்புறம் மோனிஷா ஊருக்குப் போய்விட்டாள், மனசு மாறிவிட்டாள் என்று அக்காவிடம் சொல்லிக்கொள்ளலாம். பங்காருவுக்குப் போன் செய்தான்.

"சார், வாசகர்கள் வீட்டுக்கு வராங்க. அம்மாவுக்கு உடம்பு சரியில்ல. கூச்ச சுபாவம் வேற. அவங்களுக்குப் பதிலா ஒரு ஆளு உக்காந்தா..."

போனில் காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"எத்தனை நேரம் சார்?"

"ஒரு மணி நேரம் போதும்."

"பிரேமாவை அனுப்பறேன். எங்க புரூஃப் ரீடர். மோனிஷாம்மா கதை அத்தனையும் அவங்களுக்கு மனப்பாடம்."

உடம்புக்கு என்ன என்று கேட்கவில்லை. கூச்சம் என்றால் எப்படி என்று கேட்கவில்லை. ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு கேள்விகூடக் கேட்காமல் உத்தரவு கொடுத்த மனிதரைக் காலேப் இப்போதுதான் பார்க்கிறான். மூன்று நாளுக்குப் பிறகு அன்று நிம்மதியாகத் தூங்கினான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிரேமா வந்துவிட்டாள். நாற்பது வயது இருக்கும். ஒல்லியான உருவம். மூக்குக்கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தாள். கூடத்துக்குள் நுழைந்தவள் சுவரில் இருந்த யூனிஸின் போட்டோவுக்கு முன்னால் நின்றுவிட்டாள்.

"என் தங்கச்சி" என்றான் காலேப் அவசரமாக. "வெளியூர்ல இருக்கா."

"சரிங்க சார்" என்றாள் பிரேமா. அப்புறம் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கேட்டாள். "அம்மை போட்டு எத்தனை நாளாச்சுன்னு சொல்லியிருக்கீங்க?"

"ஏழு, எட்டு நாள் கணக்கு வரும்."

"அப்ப முகத்துல பொட்டுப் பொட்டா இருக்கணுமே. எதையும் தப்பு இல்லாம பண்ணணும் சார்."

கைப்பையிலிருந்து புரூஃப் திருத்தும் சிவப்புப் பேனாவை எடுத்தாள். கண்ணாடி பார்த்து நெற்றியில் ஆறு, கன்னத்துக்கு நாலு நாலு, மோவாயில் இரண்டு என்று வைத்துக்கொண்டாள். காலேப் பார்த்தான். அசல் அம்மை.

பத்து மணிக்கு ஜெயம்மாள் தன் படையோடு வந்தாள். ஒன்பது பெண்கள், மூன்று அடுக்கு சோற்றுப் பாத்திரம், ஒரு மஞ்சள் பொட்டலம். பிரேமாவைக் கண்டதும் ஜெயம்மாள் பொட்டலத்தைக் கீழே வைத்தாள். தொட்டுப் பார்த்தாள்.

"நீங்கதானா தாயீ?"

"ஆங்" என்றாள் பிரேமா.

அடுத்த அரை மணி நேரம் காலேப்புக்கு இனிமையாகவே போனது. பெண்கள் கேட்டார்கள், பிரேமா சொன்னாள். கிணற்றுக்குள் ஊஞ்சல் ஆடும் சத்தம், சமையலறை டப்பாக்களின் மேல் விரலால் எழுதப்பட்ட பெயர், புருஷன் குடையை மறந்துவிட்டுப் போனால் தானாக நடந்து வாசலுக்கு வரும் குடை. எந்த மாதம், எந்தப் பக்கம் என்று பிரேமா சரியாகச் சொன்னாள். காலேப் ஓர் ஓரமாக நின்று கேட்டான். அவை எதுவும் அவனுக்குத் தெரியாது. பழைய கதைகளாக இருக்கும். அவனுக்கும் ஒரு வார்த்தை பேச ஆசை வந்தது.

"அந்தக் கூட்டுப்பட்டா ஆவி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான்.

ஒன்பது பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"எந்தக் கதை அது?" என்றாள் ஜெயம்மாள்.

"இவரு வேற யாரோ எழுதனதைச் சொல்றாரு" என்று பிரேமா சட்டென்று முடித்துவைத்தாள்.

"சரி, வா தாயீ. நல்ல நேரம் போறதுக்குள்ள தண்ணியை ஊத்திடலாம்."

கொல்லைப்புறத்தில் பலகை போட்டுப் பிரேமாவை உட்கார வைத்தார்கள். பிரேமா காலேப்பை ஒருமுறை பார்த்தாள். காலேப் கையைப் பிசைந்தான். வேப்பிலையும் மஞ்சளும் போட்டு வெயிலில் வைத்திருந்த தண்ணீர் அண்டா நிறைய இருந்தது. ஜெயம்மாள் பெரிய சொம்பால் மொண்டு, வேண்டிக்கொண்டு, உச்சந்தலையில் கவிழ்த்தாள். ஒன்று. இரண்டு. மூன்றாவது சொம்பில் பேனா மை கரைய ஆரம்பித்தது.

நெற்றியிலிருந்து ஆறு சிவப்புக் கோடுகள் இறங்கின. கன்னத்தில் வந்து சேர்ந்தன. மோவாயில் சொட்டின.

"ஐயோ, ரத்தம்!" என்று ஒருத்தி கத்தினாள். எட்டு பேரும் கத்தினார்கள். பிரேமா பதறி எழுந்து, துண்டு தேடிக் கூடத்துக்குள் ஓடினாள். தலைமுடி அவிழ்ந்து முகத்தில் விழுந்திருந்தது. புடவை உடம்போடு ஒட்டியிருந்தது. சிவப்பு வழிந்துகொண்டிருந்தது.

அதே நேரத்தில் வாசல் வழியாக, கையில் பழத்தட்டுடன் டெபோராவும், பின்னால் வேதப்புத்தகத்துடன் ஆயரும், அம்மை இறங்கிவிட்டது என்று கேள்விப்பட்டுப் பெண் பார்க்க உள்ளே வந்தார்கள்.

டெபோரா தட்டைப் போட்டுவிட்டாள். ஆப்பிள்கள் திசைக்கொன்றாக உருண்டன.

"இயேசுவே! இயேசுவே! இயேசுவே!"

ஆயர் வேதப்புத்தகத்தைக் கேடயம் போல் முன்னால் பிடித்தார். "தம்பி, இவங்களையா ஓலையில வாசிக்கணும்?" என்றார் மெல்லிய குரலில்.

ஜெயம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். பிரேமாவின் கன்னத்தில் விரலை வைத்துத் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள்.

"இது பேனா மையி!" என்றாள். "யாரு நீ?"

"டேய் காலேப்பு, இதான் மோனிஷாவா?" என்றாள் டெபோரா.

பன்னிரண்டு பேர் அவனைப் பார்த்தார்கள். காலேப் இன்னொரு பொய்யைத் தேடினான். தீர்ந்துவிட்டிருந்தது.

"மோனிஷா யூனிஸ்தான்" என்றான்.

 அவன் சுவரில் இருந்த போட்டோவைக் காட்டினான்.

"அவதான் எழுதினா. பத்து வருசமா. சபையில சங்கடப்படுவாங்கன்னு வேற பேருல எழுதினா. போய் இருபத்திரண்டு மாசம் ஆச்சு. பதிப்பாளருக்கு நான் சொல்லல. சொன்னா பேரை எடுத்துடுவாங்க. அதனால நானே எழுதி அனுப்பிகினு இருந்தேன். இத்தனை நாளா நீங்க படிச்சது நான் எழுதினது."

டெபோரா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "யூனிஸா? நம்ம யூனிஸா? பேய்க்கதையா?"

ஆயர் வேதப்புத்தகத்தை இறக்கினார். முகத்தில் ஒரு தெளிவு வந்தது.

"அதானே பார்த்தேன். சண்டே ஸ்கூல்ல யோனா கதை சொன்னாங்க. மீன் வயித்து இருட்டை அவங்க சொல்லச் சொல்ல ரெண்டு பசங்க அழுது வீட்டுக்குப் போய்ட்டாங்க. நானும் பின்னால நின்னு கேட்டேன் தம்பி. அன்னைக்கு எனக்கே லைட்டை அணைக்க முடியல."

ஜெயம்மாள் மட்டும் தலையை ஆட்டினாள். போட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அந்தத் தாயி போய்ட்டாங்கன்றதை நம்பறேன் நைனா. உன் மூஞ்சியைப் பாத்தாலே தெரியுது. ஆனா ரெண்டு வருசமா எழுதனது நீன்னு சொல்றியே, அதைத்தான் நம்ப முடியல. அந்தப் பட்டன் தைக்கறதை ஒரு ஆம்பளை எழுதியிருக்க முடியாது."

காலேப்புக்குச் சுருக்கென்றது. இருபத்திரண்டு மாதம், விடிகாலை ஐந்து மணி. பொய் சொன்னபோது நம்பினார்கள். உண்மையைச் சொல்லும்போதா?

"பதிப்பாளர் அங்கங்க கை வெச்சிருப்பாரு. எழுதினது நான்தான். வேணும்னா கடைசியா அனுப்பினதோட முடிவைச் சொல்றேன், கேளுங்க."

அவன் நிமிர்ந்து நின்றான். சபையில் வேதபாடம் வாசிப்பதுபோல் கையைக் கட்டிக்கொண்டான்.

"'எனவே, மேற்படி ஆவியானது இதுநாள்வரை தன் அனுபோகத்தில் வைத்திருந்த பங்களாவையும் அதனைச் சார்ந்த மரம் மட்டைகளையும் எவ்வித வில்லங்கமும் இன்றி உரியவரிடம் ஒப்படைத்துவிட்டு, இன்று காலை விண்ணுலகம் சென்றது. இதன் நகல் தகவலுக்காகக் கிராம நிர்வாக அலுவலருக்கு அனுப்பப்படுகிறது.'"

 முதலில் ஜெயம்மாளின் தோள் குலுங்கியது. அப்புறம் எட்டு பெண்களும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். டெபோரா அடக்கிப் பார்த்து முடியாமல் உரக்கச் சிரித்தாள். யூனிஸ் போன பிறகு அந்தக் கூடத்தில் இத்தனை பேர் ஒன்றாகச் சிரித்ததில்லை. ஆயர்கூட ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நைனா," என்றாள் ஜெயம்மாள் கண்ணைத் துடைத்தபடி, "நான் போன வருசம் பட்டா மாத்தறதுக்குக் குடுத்த மனு இதைவிடப் பயமா இருந்துச்சு."

காலேப்புக்கே சிரிப்பு வந்தது. அது அவனுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஆனாலும் விட மனசில்லை. பிரேமாவின் பக்கம் திரும்பினான்.

"நீங்க சொல்லுங்க மேடம். மாசாமாசம் நான் அனுப்பறதைப் புரூஃப் பாக்கறது நீங்கதானே?"

முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்த பிரேமா துண்டை இறக்கினாள்.

"மன்னிச்சுக்கோங்க சார், நீங்க அனுப்பின இருபத்திரண்டும் பங்காரு சார் மேஜையில பத்திரமா இருக்கு, ஒண்ணுகூட அச்சுக்குப் போகல, ஆஸ்பத்திரிக்கு வந்தப்பல்லாம், நீங்க மருந்து வாங்க நின்ன நேரத்துல மோனிஷாம்மா எழுதி முடிச்ச நாவலை என் கையில குடுத்துட்டுப் போவாங்க, நாங்க அச்சடிச்சது அதைத்தான், அதுலயே இன்னும் பதினாலு பாக்கி இருக்கு."